கால்நடைத் தீவனத்தில் விலங்குப் பொருளை டிஎன்ஏ கொண்டு கண்டறிதல்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு பொட்டலம் மாட்டுத் தீவனத்தை முன்னால் வைத்து, இதில் மாட்டின் எலும்போ இறைச்சியோ தூளாகக் கலந்திருக்கிறதா என்று கேட்டால், கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ பதில் சொல்ல முடியாது. வெப்பத்தில் வேகவைத்து, கொழுப்பை நீக்கி, உலர்த்தி அரைத்த இறைச்சி–எலும்புத் தூள், தவிட்டோடும் பிண்ணாக்கோடும் சேர்ந்து குருணையாக அழுத்தப்பட்ட பிறகு தனியாகத் தெரிவதில்லை. அந்தத் தூளில் சிதைந்தும் அழியாமலும் எஞ்சியிருக்கும் டிஎன்ஏ துண்டுகளைத் தேடிப் பிடிப்பதே இந்தச் சோதனை. ஆய்வகப் பணிக்குப் புதிதாக வருபவர் இதைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை எப்படிச் செய்வது, எங்கெல்லாம் தவறு நேரும் என்பதை இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

எதற்காக இந்தச் சோதனை

1986ஆம் ஆண்டு பிரிட்டனில் மாடுகளின் மூளை பஞ்சுபோல் துளைபடும் ஒரு புதிய நோய் அடையாளம் காணப்பட்டது. மாட்டுப் பைத்திய நோய் என்ற பெயரில் உலகம் அறிந்த அந்த நோய், இறந்த மாடுகளின் உடல் கழிவிலிருந்து செய்த தூளை உயிருள்ள மாடுகளுக்குத் தீவனமாகக் கொடுத்ததால் பரவியது என்பது தெளிவானதும், 1988இல் அசைபோடும் விலங்குகளின் புரதத்தை அசைபோடும் விலங்குகளுக்கு ஊட்டுவது அங்கே தடை செய்யப்பட்டது. ஆனாலும் தடைக்குப் பின் பிறந்த பல்லாயிரம் மாடுகளுக்கு அந்த நோய் வந்தது. பன்றிக்கும் கோழிக்கும் உரிய தீவனத்தில் அந்தத் தூள் தொடர்ந்து அனுமதிக்கப்பட்டதும், அதே ஆலையில், அதே இயந்திரத்தில், அதே வண்டியில் மாட்டுத் தீவனமும் கையாளப்பட்டதும் இதற்கு முக்கியக் காரணங்கள். நோயுற்ற மாட்டின் மூளைத் திசுவில் ஒரு மில்லிகிராம் வாய்வழியே சென்றால்கூட ஒரு கன்றுக்கு நோய் வரக்கூடும் என்று பிற்காலத்தில் அங்கே நடந்த ஊட்டல் பரிசோதனைகள் காட்டின. மனிதர்களுக்கு வந்த ஒரு புதிய வகை மூளை நோயோடும் இதற்குத் தொடர்பிருக்கக்கூடும் என்று 1996இல் அறிவிக்கப்பட்டது. அமெரிக்கா 1997இல் தன் தீவனத் தடையைக் கொண்டுவந்தது. 2001இன் தொடக்கத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியம், உணவுக்காக வளர்க்கும் எல்லா விலங்குகளின் தீவனத்திலும் பதப்படுத்திய விலங்குப் புரதத்தை, சில விலக்குகள் தவிர, முற்றாக நிறுத்தியது.

இந்த வரலாற்றிலிருந்து புதியவர் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. நாம் தேடுவது பெரும்பாலும் யாரோ வேண்டுமென்றே மூட்டை மூட்டையாகக் கொட்டிய பொருளை அல்ல. இயந்திரத்தின் மூலையில் ஒட்டியிருந்து அடுத்த சுற்றுத் தீவனத்தில் விழுந்த சிறு துகளை. ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.1 சதவீதம், என்ற அளவிலேயே இந்தச் சோதனைகளின் கண்டறியும் திறன் பேசப்படுவது அதனால்தான்.

நோயை உண்டாக்கும் பிரியான் என்பது மடிப்பு மாறிய புரதம். அதற்கு டிஎன்ஏ கிடையாது. ஆகவே டிஎன்ஏ சோதனை நோய்க்காரணியைத் தேடுவதில்லை. அந்தக் காரணி வரக்கூடிய விலங்கின் பொருள் இருக்கிறதா என்பதை மட்டுமே அது தேடுகிறது. இந்த வேறுபாட்டை அறிக்கை எழுதும்போதும் மறக்கக் கூடாது.

முதல் படி: மாதிரியின் பின்னணி

சோதனைக் குழாயைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் மூன்று விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள். இந்தத் தீவனம் எந்த விலங்குக்கு உரியது? அதில் என்னென்ன பொருள்கள் சேர்ந்திருப்பதாகத் தயாரிப்பாளர் அறிவித்திருக்கிறார்? அந்த நாட்டின் விதி எந்த விலங்கின் எந்தப் பொருளை அந்தத் தீவனத்தில் அனுமதிக்கிறது?

மூன்றாவது கேள்வி இன்று முன்பைவிடச் சிக்கலானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல் அசைபோடாத விலங்குகளின் பதப்படுத்திய புரதம் வளர்ப்பு மீன்களின் தீவனத்தில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2017இல் பூச்சிப் புரதம் அந்த வரிசையில் சேர்ந்தது. 2021இல் பன்றிப் புரதத்தைக் கோழிக்கும், கோழிப் புரதத்தைப் பன்றிக்கும் கொடுக்கலாம் என்றானது. எந்த விலங்கும் தன் இனத்தையே உண்ணக் கூடாது என்பதும், அசைபோடும் விலங்கின் பதப்படுத்திய புரதம் இந்தத் தீவனங்களில் சேரக் கூடாது என்பதும் அங்கே இன்றும் மாறாத விதிகள். முழுத் தடை இருந்த காலத்தில் ஏதோ ஒரு விலங்கின் எலும்புத்துகள் இருக்கிறது என்று சொன்னாலே போதுமாக இருந்தது. இப்போது எந்த விலங்கு என்று சொல்லியாக வேண்டும். நுண்ணோக்கியால் மட்டும் அதைச் சொல்ல முடியாது. டிஎன்ஏ சோதனை விருப்பத்துக்குரிய கூடுதல் வேலை என்ற நிலையிலிருந்து தவிர்க்க முடியாத வேலையாக மாறியது இந்த விதித் தளர்வுகளால்தான்.

இரண்டாவது கேள்வியை, அதாவது அறிவிக்கப்பட்ட சேர்மானங்களை, அலட்சியமாகக் கடந்துவிடாதீர்கள். பால் தூள், மோர்த் தெளிவுத் தூள், முட்டைத் தூள், மீன் தூள், விலங்குக் கொழுப்பு ஆகியவை பல தீவனங்களில் சட்டப்படி இடம்பெறுபவை. பாலில் பசுவின் உடல் செல்கள் இயல்பாகவே கலந்திருக்கும். எனவே பால் தூள் சேர்ந்த கன்றுத் தீவனம் அசைபோடும் விலங்கின் டிஎன்ஏ சோதனையில் நேர்மறையாக வருவது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. இதை முன்கூட்டியே அறியாதவர் குற்றமற்ற தீவனத்தின் மீது குற்றம் சுமத்திவிடுவார்.

இரண்டாம் படி: மாதிரி எடுத்தல்

பல ஆய்வகங்களில் மாதிரியை வேறொருவர் எடுத்து அனுப்புவார். இருந்தாலும் அது எப்படி எடுக்கப்பட்டது என்று கேட்கும் உரிமையும் கடமையும் உங்களுக்கு உண்டு. கலப்படத் துகள் ஒரு சுமை முழுவதும் சீராகப் பரவியிருக்காது. குவியலின் பல இடங்களிலிருந்தும் பல ஆழங்களிலிருந்தும் சிறு சிறு பகுதிகளை எடுத்து, அவற்றை ஒன்றாகக் கலந்து, பிறகு நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பகுதிகளைச் சேர்த்துக் குறைத்துக்கொண்டே வந்து, இறுதி மாதிரியைத் தயாரிக்க வேண்டும். ஐரோப்பிய விதிகளில் திடத் தீவனத்தின் இறுதி மாதிரி ஒவ்வொன்றும் 500 கிராமுக்குக் குறையக் கூடாது. அவற்றில் ஒன்றை முத்திரையிட்டு, உலர்ந்த இடத்தில், யாரும் திறக்காதபடி வைத்துவிடுங்கள். கையுறையும் கரண்டியும் பையும் ஒவ்வொரு சுமைக்கும் புதியவையாக இருக்க வேண்டும். தோல் கையுறை கூடவே கூடாது, ஏனெனில் அதுவே ஒரு மாட்டின் பொருள்.

மூன்றாம் படி: அரைத்தல்

இந்தச் சோதனையில் எல்லாரும் தேடும் டிஎன்ஏ துண்டைப் பல நகல்களாகப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் என்னும் விலை உயர்ந்த கருவியைப் பற்றித்தான் பேசுவார்கள். என் மதிப்பீட்டில், முடிவின் தரத்தைத் தீர்மானிப்பது அரைவை இயந்திரம். ஏன் என்பதை ஒரு எளிய கணக்கால் காட்டுகிறேன்.

டிஎன்ஏ பிரித்தெடுக்கப் பொதுவாக எடுக்கும் தீவனத்தின் அளவு 100 மில்லிகிராம்; ஒரு சிட்டிகை. கலப்படம் 0.1 சதவீதம் என்றால், அந்தச் சிட்டிகையில் இருக்க வேண்டிய விலங்குப் பொருள் 0.1 மில்லிகிராம். இப்போது அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் எலும்புத்துகளை உருண்டையாக எண்ணிக்கொண்டு, எலும்பின் அடர்த்தியைத் தண்ணீரைப்போல் ஏறக்குறைய இரு மடங்காகக் கொண்டு கணக்கிட்டால், அந்த ஒரு துகளின் எடையே 0.13 மில்லிகிராம் வருகிறது. அதாவது உங்கள் சிட்டிகைக்குச் சராசரியாக ஒரு முழுத் துகள்கூட இல்லை. துகள்கள் தற்செயலாகப் பரவியிருக்கின்றன என்று கொண்டால், கிட்டத்தட்ட பாதித் தடவை நீங்கள் எடுக்கும் சிட்டிகையில் ஒரு துகளும் இருக்காது. இரண்டு சிட்டிகை எடுத்துத் தனித்தனியாகச் சோதித்தாலும், ஏறக்குறைய ஐந்து தடவைக்கு ஒரு தடவை இரண்டுமே வெறுமையாக இருக்கும். உலகின் மிக நுட்பமான கருவியாலும் குழாய்க்குள் வராத துகளைக் கண்டுபிடிக்க முடியாது.

அதே பொருளை 0.1 மில்லிமீட்டர் அளவுக்கு அரைத்துவிட்டால், ஒரு துகளின் எடை 125 மடங்கு குறைகிறது; அதே 100 மில்லிகிராமில் ஏறக்குறைய நூறு துகள்கள் இருக்கும். நூறில் பத்து கூடினாலும் குறைந்தாலும் முடிவு மாறாது. ஆகவே குறைந்தது 50 கிராம் தீவனத்தையாவது முழுமையாக, மாவுபோல் அரைத்து, நன்றாகக் குலுக்கிக் கலந்து, அதிலிருந்து குறைந்தது இரண்டு தனித்தனிப் பகுதிகளைப் பிரித்தெடுப்புக்கு எடுங்கள். சல்லடையில் மேலே தங்குவதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கடினமான எலும்புத்துகள் தங்குவது பெரும்பாலும் அங்கேதான். அதை மீண்டும் அரைத்துச் சேர்க்க வேண்டும். அரைக்கும்போது இயந்திரம் சூடேறினால் இடைவெளி விட்டு அரையுங்கள்.

அரைத்தலுக்கு இன்னொரு முகமும் உண்டு. முந்தைய மாதிரியின் தூள் இயந்திரத்தில் மிச்சமிருந்தால், அது அடுத்த மாதிரியின் முடிவைக் கெடுத்துவிடும். ஒவ்வொரு மாதிரிக்குப் பிறகும் பாத்திரத்தையும் கத்தியையும் கழற்றி, தூளை உறிஞ்சி அகற்றி, கழுவி, புதிதாகக் கரைத்த சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் துடைத்து, நன்னீரில் அலசி உலர்த்துங்கள். நாளில் சில தடவை, விலங்குப் பொருள் இல்லாதது என்று உறுதி செய்யப்பட்ட ஒரு தானியத்தை அதே இயந்திரத்தில் அரைத்து, அதையும் ஒரு மாதிரிபோலவே முடிவுவரை கொண்டு செல்லுங்கள். அது எதிர்மறையாக வந்தால்தான் அன்றைய மற்ற முடிவுகளை நம்பலாம்.

நான்காம் படி: நுண்ணோக்கியை ஒதுக்காதீர்கள்

டிஎன்ஏ கற்றுக்கொள்ள வந்தவருக்கு நுண்ணோக்கி பழங்காலத்துக் கருவிபோல் தோன்றலாம். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு 152ஆம் எண் ஒழுங்குமுறையில், 2013இல் 51ஆம் எண் ஒழுங்குமுறை கொண்டுவந்த திருத்தத்துக்குப் பின், ஒளி நுண்ணோக்கியும் பிசிஆரும் ஒன்றுக்கொன்று துணையான அதிகாரப்பூர்வ முறைகளாக வைக்கப்பட்டிருக்கின்றன. எந்த வகைத் தீவனத்துக்கு எதை எந்த வரிசையில் செய்வது என்பதற்கான செயல்முறைகளை, பெல்ஜியத்தின் ஜாம்ப்லூ நகரிலுள்ள ஐரோப்பிய ஒன்றியக் குறிப்பு ஆய்வகம் வகுத்து வெளியிடுகிறது.

முறை எளியது. தீவனத்தை டெட்ராகுளோரோஎத்திலீன் திரவத்தில் இட்டால், அதன் அடர்த்தி தண்ணீரைப்போல் 1.6 மடங்கு என்பதால், தாவரப் பொருள் மிதக்கும். எலும்பு, பல், மீன் செதில் போன்ற கனமான துகள்கள் தாது உப்புகளோடு அடியில் படியும். படிவை அலிசரின் ரெட் சாயத்தால் நிறமேற்றினால் எலும்பு சிவந்து தெரியும். அந்தத் திரவத்தின் ஆவி நச்சுத்தன்மை உடையது. புகை உறிஞ்சும் அடைப்பறைக்கு வெளியே அதைத் திறக்கவே கூடாது.

நுண்ணோக்கி எலும்பு, தசைநார், இறகு, முடி என்று திசுவைச் சொல்கிறது. நிலவிலங்கா மீனா என்றும் சொல்கிறது. ஆனால் மாடா பன்றியா என்று சொல்வதில்லை. டிஎன்ஏ மாடா பன்றியா என்று சொல்கிறது. ஆனால் எலும்பா பாலா என்று சொல்வதில்லை. இந்த ஒரு வேறுபாட்டை உள்வாங்கிக்கொண்டவருக்கு, பின்னால் வரும் குழப்பங்களில் பாதி வராது.

ஐந்தாம் படி: டிஎன்ஏவைப் பிரித்தெடுத்தல்

அரைத்த தூளின் செல்களை உடைத்து, புரதத்தைப் புரோட்டினேஸ் கே நொதியால் சிதைத்து, டிஎன்ஏவை மட்டும் தனியாக்குவதே இந்தப் படி. சிடாப் என்னும் சோப்புப் பொருளைப் பயன்படுத்தும் பழைய முறையும் உண்டு. சிலிக்கா பூசிய காந்த மணிகளில் டிஎன்ஏவை ஒட்டவைத்துக் கழுவி எடுக்கும் ஆயத்தப் பெட்டிகளும் உண்டு. எதைத் தேர்ந்தாலும், அது உங்கள் ஆய்வகத்தில், உங்கள் தீவன வகைகளில் சரிபார்க்கப்பட்டதாக இருக்க வேண்டும். காந்த மணிப் பெட்டிகளின் கரைசல்களில் பெரும்பாலும் குவானிடின் உப்பு இருக்கும். அது ஹைப்போகுளோரைட்டோடு சேர்ந்தால் நச்சு வாயு வெளிப்படும். ஆகவே அந்தக் கழிவைத் தனிப் பாத்திரத்தில் சேகரியுங்கள். சிந்தினால் முதலில் நீரால் துடைத்த பிறகே வெளுப்புக் கரைசலைக் கொண்டுவாருங்கள்.

பிரித்தெடுத்த கரைசலில் டிஎன்ஏ எவ்வளவு இருக்கிறது என்று ஒளியுறிஞ்சல் கருவியில் அளந்து, அளவு கூடுதலாக இருப்பதைக் கண்டு புதியவர்கள் மகிழ்வதுண்டு. அந்த டிஎன்ஏவில் ஏறக்குறைய முழுவதும் சோளம், சோயா, கோதுமை போன்ற தாவரங்களுடையது. நமக்கு வேண்டிய விலங்கு டிஎன்ஏ அதில் ஒரு துளி மட்டுமே. அந்த எண் பிரித்தெடுப்பு நடந்தது என்பதற்குச் சான்று. விலங்குப் பொருள் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. 260 நானோமீட்டர் அலைநீள ஒளியின் உறிஞ்சலுக்கும் 280 நானோமீட்டர் ஒளியின் உறிஞ்சலுக்கும் இடையிலான விகிதம் 1.8ஐ ஒட்டியிருந்தால் புரதம் நீங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். 260க்கும் 230க்கும் இடையிலான விகிதம் மிகவும் தாழ்ந்திருந்தால், தாவரச் சர்க்கரைகளோ பாலிஃபினால்களோ பிரித்தெடுப்பில் பயன்படுத்திய உப்போ எஞ்சியிருக்கிறது என்ற எச்சரிக்கையாக அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தாவரச் சேர்மங்கள் பிசிஆர் வினையைத் தடுத்து நிறுத்தக்கூடியவை. தடுக்கப்பட்ட வினை தரும் எதிர்மறை முடிவு, உண்மையான எதிர்மறை முடிவைப் போலவே கணினித் திரையில் ஒரு தட்டையான கோடாகத் தெரியும். இதைப் பிரித்தறியும் வழியை எட்டாம் படியில் சொல்கிறேன்.

ஆறாம் படி: எந்தத் துண்டைத் தேடுவது

ஐரோப்பிய விதியின் முதல் பதப்படுத்தும் முறையில், 50 மில்லிமீட்டருக்கு மிகாத துண்டுகளாக்கிய விலங்குக் கழிவு, 133 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில், 3 பார் அழுத்தத்தில், 20 நிமிடம் வேகவைக்கப்படுகிறது. இவ்வளவு வெப்பத்தில் நீண்ட டிஎன்ஏ இழை சுக்குநூறாக உடைந்துவிடும். ஆகவே நாம் தேடும் தொடர் குட்டையாக இருக்க வேண்டும். டிஎன்ஏவின் நீளத்தைக் கார இணைகள் என்ற அலகில் எண்ணுவார்கள்; 60 முதல் 100 கார இணைகள் வரையிலான நீளம் நல்லது. பச்சை இறைச்சியின் இனத்தைக் கண்டறிய உருவாக்கிய 300 அல்லது 400 கார இணை நீளமுள்ள சோதனையைத் தீவனத்துக்குக் கொண்டுவந்தால், பொருள் இருந்தும் இல்லை என்றே அது சொல்லிவிடும்.

இரண்டாவது தேவை, அந்தத் தொடர் ஒரு செல்லில் பல படிகளாக, அதாவது பல நகல்களாக, இருப்பது. செல்லின் கருவில் இரண்டே படிகள் உள்ள மரபணுவைவிட, செல்லுக்கு நூற்றுக்கணக்கில் தொடங்கி ஆயிரக்கணக்கு வரை படிகள் கொண்ட மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ, வெப்பத்துக்குப் பிறகும் சில துண்டுகளையாவது முழுதாக மிச்சம் வைத்திருக்கும். சைட்டோகுரோம் பி மரபணுவும், 12எஸ், 16எஸ் ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுக்களும் அதனால்தான் அடிக்கடி தேர்ந்தெடுக்கப்படுகின்றன. கருவின் மரபணுத்தொகுதியில் திரும்பத் திரும்ப வரும் தொடர்களையும் பயன்படுத்துவார்கள்.

மூன்றாவது தேவை இனத் தெளிவு. அசைபோடும் விலங்குகளுக்கான சோதனை மாடு, எருமை, செம்மறியாடு, வெள்ளாடு, மான் எல்லாவற்றிலும் வேலை செய்ய வேண்டும். பன்றி, குதிரை, கோழி, மீன் எதிலும் வேலை செய்யக் கூடாது. தீவனத்தில் வரும் எந்தத் தாவரத்திலும் வேலை செய்யக் கூடாது. தேடும் துண்டின் இரு முனைகளிலும் ஒட்டும் குறுகிய டிஎன்ஏ இழைகளான பிரைமர்களைத் தரவுத்தளத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், இந்த ஒவ்வோர் இனத்தின் உண்மையான டிஎன்ஏவையும் வைத்து ஒரு முறையாவது நீங்களே சோதித்துப் பதிவு செய்யுங்கள்.

ஏழாம் படி: வினையை அமைத்தல்

பிசிஆர் இரட்டை இழையை ஏறக்குறைய 95 டிகிரியில் பிரித்து, 60 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் பிரைமர்களை ஒட்டவைத்து, புதிய இழையை நீட்டி, இதை 40 முதல் 50 சுற்றுகள் வரை திரும்பச் செய்கிறது. நிகழ்நேர முறையில், ஒவ்வொரு சுற்றிலும் உண்டாகும் படிகளுக்கு ஏற்ப, புரோப் என்னும் சாயம் இணைத்த சிறு டிஎன்ஏ துண்டு ஒளிர, கருவி அதை அளந்துகொண்டே வருகிறது.

ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாகும் வினையில், வெளியிலிருந்து வந்த ஒரே ஒரு மூலக்கூறும் இரட்டிப்பாகும். இதனால் அறைகளைப் பிரிப்பது இன்றியமையாதது: வினைக்கலவை தயாரிக்க ஓர் இடம், டிஎன்ஏ பிரித்தெடுக்க வேறோர் இடம், கருவி இருக்கும் இடம் மூன்றாவது. ஆளும் பொருளும் முதலாவதிலிருந்து மூன்றாவதை நோக்கி மட்டுமே நகர வேண்டும். கருவி அறைக்குப் போய்வந்த மேலங்கியோடு கலவை அறைக்குள் நுழையக் கூடாது. வினை முடிந்த குழாய்களைத் திறக்கவே திறக்காதீர்கள். அவற்றில் கோடிக்கணக்கான படிகள் இருக்கின்றன. வடிகட்டி வைத்த பைப்பெட் நுனிகளை மட்டும் பயன்படுத்துங்கள்.

இனி, இந்தச் சோதனைக்கே உரிய ஒரு கண்ணி. தாவரத் தடுப்பான்களை அடக்க, மாட்டு இரத்தத்திலிருந்து எடுத்த ஆல்புமின் புரதத்தை வினைக்கலவையில் சேர்ப்பது மூலக்கூறு உயிரியலில் பரவலான வழக்கம். பல ஆயத்தக் கலவைகளில் அது சொல்லாமலே சேர்ந்திருக்கும். அந்தப் புரதத்தோடு மாட்டின் டிஎன்ஏவும் எஞ்சி வரக்கூடும். வேறு சோதனைகளில் யாருக்கும் தீங்கு செய்யாத அந்த எச்சம், இங்கே எல்லா மாதிரிகளையும் நேர்மறையாக்கிவிடும். ஜெலட்டின் சேர்ந்த கரைசல்களும், டிஎன்ஏவைப் படியவைக்கத் துணையாகச் சேர்க்கும் மீன் விந்து டிஎன்ஏவும், கன்றின் தைமஸ் டிஎன்ஏவும் இதே வகை. ஒவ்வொரு புதிய தொகுதி வேதிப்பொருளையும், வெற்று நீரை மாதிரியாக வைத்துச் சோதித்த பிறகே பயன்பாட்டுக்கு எடுங்கள். விற்பவர் மாறாவிட்டாலும் தொகுதி எண் மாறினாலே இதைச் செய்ய வேண்டும்.

வினைக் குழிகள் கொண்ட ஒவ்வொரு தட்டிலும் தவறாமல் இருக்க வேண்டியவை: டிஎன்ஏ சேர்க்காத வெற்றுக் கலவை, தீவனமே சேர்க்காமல் பிரித்தெடுப்பின் எல்லாப் படிகளையும் கடந்துவந்த வெற்றுப் பிரித்தெடுப்பு, விலங்குப் பொருள் அற்றது என உறுதியான தீவனம், 0.1 சதவீதம் இறைச்சி–எலும்புத் தூள் கலந்து தயாரித்த தீவனம். வினை தடுக்கப்பட்டதா என்று காட்டும் உட்கட்டுப்பாடு. இவற்றில் 0.1 சதவீத மாதிரிக்குப் பதிலாகத் தூய டிஎன்ஏவை வைப்பது எளிதாகத் தோன்றும். ஆனால் தூய டிஎன்ஏ பிரித்தெடுப்பு சரியாக நடந்ததா என்பதைச் சொல்லாது. இரண்டையும் வைப்பதே சரி.

எட்டாம் படி: வளைகோடுகளை வாசித்தல்

ஒளிர்வு வரம்பைக் கடக்கும் சுற்றின் எண்ணை சிடி மதிப்பு என்பார்கள். தொடக்கத்தில் டிஎன்ஏ கூடுதலாக இருந்தால் அந்த எண் சிறியதாக இருக்கும். வினை முழுத் திறனோடு நடந்தால், டிஎன்ஏ பத்து மடங்கு குறையும்போது சிடி மதிப்பு 3.3 கூடும். இந்த ஒரு கணக்கை வைத்துத் தடுப்பான்களைக் கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு டிஎன்ஏ கரைசலையும் அப்படியே ஒரு முறையும், பத்து மடங்கு நீர்த்து ஒரு முறையும் சோதியுங்கள். நீர்த்தது 3.3 சுற்று பிந்தி வந்தால் எல்லாம் ஒழுங்கு. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தாலோ, நீர்த்தது முந்தி வந்தாலோ, நீர்க்காத கரைசலில் தடுப்பான் இருக்கிறது. நீர்த்ததன் முடிவையே நம்ப வேண்டும், அல்லது மீண்டும் பிரித்தெடுக்க வேண்டும். இரண்டும் தட்டையாக இருந்தால் உட்கட்டுப்பாட்டைப் பாருங்கள். அதுவும் வராவிட்டால் அந்த மாதிரிக்கு முடிவே இல்லை. அதை எதிர்மறை என்று எழுதுவது பொய்.

எந்தச் சிடி மதிப்புவரை நேர்மறை என்று கொள்வது? இந்த எல்லைக்கோட்டை ஒரு நூலிலிருந்தோ வேறோர் ஆய்வகத்திலிருந்தோ அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கருவிக்குக் கருவி, கலவைக்குக் கலவை அது மாறும். படிகளின் எண்ணிக்கை தெரிந்த, பிளாஸ்மிட் என்னும் வட்ட டிஎன்ஏவின் கரைசல்களை உங்கள் கருவியில் பலமுறை ஓட்டி, அதன்வழி உங்களுக்குரிய எல்லைக்கோட்டைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கருவியைப் பழுது பார்த்தாலும், கலவையை மாற்றினாலும் மீண்டும் கணக்கிட வேண்டும்.

ஒன்பதாம் படி: பொருள் கொள்ளுதல்

சிடி மதிப்பிலிருந்து இத்தனை சதவீதம் மாட்டுப் பொருள் என்று சொல்லும்படி உங்களை வற்புறுத்துவார்கள். சொல்லாதீர்கள். ஈரலின் செல்லில் உள்ள மைட்டோகாண்ட்ரியாவின் எண்ணிக்கை வேறு, எலும்பில் வேறு. 133 டிகிரியில் வெந்த தூளில் மிஞ்சும் டிஎன்ஏ வேறு, மெதுவாக உலர்த்திய தூளில் மிஞ்சுவது வேறு. கருவி தருவது “இருக்கிறது”, “கண்டறியப்படவில்லை” என்ற இரண்டு பதில்களை மட்டுமே.

நேர்மறை வந்தால் முதல் படியில் எழுதிய தாளை எடுங்கள். மாட்டுத் தீவனத்தில் அசைபோடும் விலங்கின் டிஎன்ஏ வந்திருக்கிறது. பால் பொருள் எதுவும் அறிவிக்கப்படவில்லை. நுண்ணோக்கியில் நிலவிலங்கின் எலும்புத்துகளும் தெரிகிறது என்றால், மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன. பால் தூள் அறிவிக்கப்பட்டிருந்து, நுண்ணோக்கியில் எலும்போ தசைநாரோ எதுவும் இல்லாவிட்டால், டிஎன்ஏ முடிவு ஒன்றைக் கொண்டு மீறல் என்று தீர்ப்பளிக்க இயலாது. நடுவில் விழும் மாதிரிகளுக்கு, அடியில் படிந்த எலும்புத்துகள்களையே தனியாக எடுத்து அவற்றிலிருந்து டிஎன்ஏ பிரித்துப் பார்க்கலாம். பால் புரதத்தையும் இரத்தப் புரதத்தையும் தசைப் புரதத்தையும் மூலக்கூறுகளின் நிறையைக் கொண்டு வேறுபடுத்திக் காட்டும் நிறை நிறமாலைமானி முறையும் இப்போது துணைக்கு வருகிறது.

எதிர்மறை முடிவுக்கும் எல்லைகள் உண்டு. ஜெலட்டின், நன்கு நீராற்பகுத்த இறகுத் தூள், தூய்மைப்படுத்திய கொழுப்பு ஆகியவற்றில் டிஎன்ஏ மிகக் குறைவாகவோ இல்லாமலோ போயிருக்கும். இரத்தத் தூளில் இயற்கையே ஒரு வேறுபாட்டை வைத்திருக்கிறது: பறவைகளின் சிவப்பணுக்களில் கரு உண்டு, பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுக்களில் கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. மாட்டு இரத்தத் தூளில் கிடைக்கும் டிஎன்ஏ பெரும்பாலும் வெள்ளணுக்களிலிருந்து வருவது. அதனால் ஒரே எடையுள்ள கோழி இரத்தத்தைவிட மாட்டு இரத்தத்தில் பிடிப்பதற்கு இருக்கும் டிஎன்ஏ மிகக் குறைவு.

கடைசிப் படி: அறிக்கை

அறிக்கையில் மாதிரியின் எண், அரைத்த அளவு, சோதித்த பகுதிகளின் எண்ணிக்கை, பயன்படுத்திய முறை, அதன் கண்டறியும் திறன் ஆகியவற்றைக் குறித்த பிறகு முடிவை எழுதுங்கள். “இந்தத் தீவனத்தில் இறைச்சி–எலும்புத் தூள் இல்லை” என்று எழுதக் கூடாது. “சமர்ப்பிக்கப்பட்ட மாதிரியில் அசைபோடும் விலங்கின் டிஎன்ஏ கண்டறியப்படவில்லை” என்றே எழுத வேண்டும். நேர்மறை என்றால், “அசைபோடும் விலங்கின் டிஎன்ஏ கண்டறியப்பட்டது” என்று எழுதி, அறிவிக்கப்பட்ட சேர்மானங்களில் அதற்கு விளக்கம் இருக்கிறதா இல்லையா என்பதையும், நுண்ணோக்கியின் முடிவையும் அடுத்த வரியிலேயே சேர்த்துவிடுங்கள். முதல் முறை நேர்மறை வந்த எந்த மாதிரியையும், அரைத்த தூளிலிருந்து புதிதாகப் பிரித்தெடுத்து, முடிந்தால் வேறொருவர் கையால், மறுபடி சோதித்த பிறகே கையொப்பமிடுங்கள். ஒரு சுமை தீவனம் அழிக்கப்படுவதும் ஓர் ஆலையின் உற்பத்தி நிறுத்தப்படுவதும் அந்தத் தாளைப் பொறுத்தவை. பதிவுகளையும் வளைகோட்டுக் கோப்புகளையும் எஞ்சிய டிஎன்ஏ கரைசலையும் மாதிரி எண்ணோடு உறைபெட்டியில் பாதுகாத்து வையுங்கள். முடிவை எவரேனும் மறுத்தால், இரண்டாம் படியில் முத்திரையிட்டு வைத்த அந்தப் பொட்டலத்தைச் சாட்சிகள் முன்னிலையில் பிரித்து, அரைத்தலிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும்.